போர்ட் ஃப்ளஷ் செய்யச் சாதாரண ஊசியோடு ஆளனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
வீட்டு நர்ஸிங் சேவை நிறுவனம்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எனக்கு இடப்பக்க மார்பகத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சை ஆனதால் இடக்கையில் ஊசி போடக்கூடாது என்றிருக்கிறார்கள். வலக்கை நரம்புகளோ இரண்டாவது கீமோவிலேயே கறுத்துக் கயிறுபோல இறுகிவிட்டன. நாலு இடத்தில் குத்தியும் கிடைக்காத நாளில்தான் வலது காரை எலும்புக்குக் கீழே போர்ட் (மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் பதிக்கும், குழாயோடு கூடிய சிறு கருவி) வைத்தார்கள். மீதி ஆறு கீமோவும் அதில்தான் ஏறின. சிகிச்சை முடிந்தும் மருத்துவர் எடுக்கச் சொல்லும்வரை அது உள்ளேயே இருக்கும். அடைத்துக்கொள்ளாமலிருக்க நாலு வாரத்துக்கு ஒருமுறை ஃப்ளஷ் செய்யச் (திரவம் செலுத்திக் குழாயைக் கழுவச்) சொல்லியிருக்கிறார்கள். தாம்பரத்திலிருந்து அடையாறு மருத்துவமனைக்குப் போய்வர அரை நாள் ஆவதால், ‘போர்ட் ஃப்ளஷ்’ என்று தெளிவாகச் சொல்லி உங்களிடம் முன்பணம் கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை வந்த பெண் பையிலிருந்து எடுத்தது சாதாரண ஊசியும் 5 மில்லி சிரிஞ்சும். “போர்ட்டுக்குன்னே இருக்கிற ஹூபர் ஊசி எங்கேம்மா?” என்றேன். “எல்லாம் ஒண்ணுதான்க்கா, டிரிப்ஸ் போடுற மாதிரிதான்” என்றார்.

ஒன்றல்ல. போர்ட்டின் மேல்மூடி ரப்பர் போன்ற சிலிக்கோன். ஹூபர் ஊசியின் வளைந்த முனை அதைக் கீறிக்கொண்டு இறங்கும். உருவியதும் துளை மூடிக்கொள்ளும். சாதாரண ஊசி சிலிக்கோனைத் துணுக்காகப் பெயர்த்தெடுத்துவிடும், பிறகு உள்ளே போவது தோலுக்கடியில் கசியும். 10 மில்லிக்குச் சிறிய சிரிஞ்சில் அழுத்தம் கூடி, குழாயே கிழியலாம். அந்தக் குழாயின் நுனி இருப்பது என் இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தநாளத்தில். ஆறு முறையும் விரலால் போர்ட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்து ஊசி போட்ட நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. எனக்குத் தெரிந்திருந்ததால் வேண்டாமென்றேன். தெரியாத ஒரு வயதானவர் சட்டைப் பட்டனைக் கழற்றி மார்பைக் காட்டியிருப்பாரே!

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. பழக்காமல் அனுப்பியது நீங்கள். உங்கள் கஸ்டமர் கேரோ, “நர்ஸ் வந்துட்டாங்க மேடம், சர்வீஸ் முடிஞ்சதாத்தான் கணக்கு” என்று பணத்தைத் தர மறுக்கிறது. மறுநாள் ஒவ்வொரு வேகத்தடைக்கும் போர்ட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போய்வந்தேன்.

கட்டிய பணத்தை முழுவதும் திருப்பித் தாருங்கள். போர்ட்டில் பயிற்சி பெற்ற நர்ஸும் ஹூபர் ஊசியும் கைவசம் இல்லாதவரை இந்தச் சேவைக்குப் பதிவு எடுக்காதீர்கள். என்ன செய்தீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

அடுத்த மாதத்துக்கான என் பதிவை ரத்து செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்