பாதி என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலப்புக் குடும்பங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் என்னைப் போன்றவர்களை ஆறு இடங்களில் ‘பாதித் தமிழர்’ என்கிறார். (எண்ணிப் பார்த்தேன், அவ்வளவு உறுத்தியது.) அப்பா தமிழர், அம்மா ஹொக்கியன் சீனர், நான் பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில்.

எனக்கு அம்மாவின் முகம். கும்பகோணம் பக்கம் ஒரு கோயிலுக்கு அப்பாவோடு போனபோது, வாசலில் இருந்தவர் என்னை மட்டும் நிறுத்தி, வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே போகக்கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் பேசியதும் கொஞ்சம் தடுமாறினார், ஆனாலும் விடவில்லை. தேவாரம் தெரியுமா என்றார். அப்பத்தா சொல்லிக்கொடுத்ததில் நாலு வரி பாடினேன். அப்புறம்தான் வழிவிட்டார். அப்பாவிடம் இருப்பதும் அதே சிங்கப்பூர்க் கடப்பிதழ்தான். அவரை யாரும் தேவாரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனிதர் திருதிருவென்று முழித்திருப்பார்.

சரி, அம்மா பக்கம் எப்படி? அம்மாவின் தாத்தா கப்பலேறி வந்தது சீனாவின் ஃபூஜியன் மாநிலத்து அன்சியிலிருந்து. அங்கே போனால் என் நிறம் அப்பாவுடையது என்பது முதலில் தெரிகிறது. தேநீர் ஊற்றிக் கொடுத்த பாட்டி, “மருமகளா?” என்று அம்மாவிடம் கேட்டார். “மகள்தான்” என்று நானே ஹொக்கியனில் சொன்னேன். பாட்டி சிரித்த சிரிப்பில் கோப்பை தளும்பியது.

மறுநாள் பக்கத்து சுவான்சௌ நகரில் கையுவான் பௌத்தக் கோயிலுக்குப் போனோம். பெரிய மண்டபத்தின் பின்பக்கம் இரண்டு கல்தூண்கள். ஒன்றைச் சுற்றி வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நரசிம்மர் இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கிறார்! கண்ணனும் இருக்கிறான். சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் காலத்தில், 1281இல், இந்தத் துறைமுகத்தில் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதன் கடைசியில் ஒரு வரி சீன எழுத்து. தமிழ் வணிகர்களின் கோயில் அழிந்தபின் அதன் கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின, இந்தத் தூண்களும் அப்படி வந்தவை என்கிறார்கள். அம்மா தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, “உன் அப்பா ஆட்கள் நமக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டார்களா?” என்றார். அப்பாவுக்கு அனுப்பப் படமும் எடுக்கச் சொன்னார்.

சிங்கப்பூரில் 2011 முதல் அடையாள அட்டையில் இரண்டு இனத்தையும் கோடு போட்டுப் பதிந்துகொள்ளலாம். நானும் ‘இந்தியர்-சீனர்’ என்று மாற்றிக்கொண்டேன். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வாங்கவும் விற்கவும் போனால், அங்குள்ள இன விகிதாசாரத்துக்கு முன்னால் நிற்கும் இனம்தான் கணக்கு. அந்தக் குறை எனக்கு உண்டு. ஆனாலும் அந்த அட்டையில்கூடப் ‘பாதி’ என்ற சொல் இல்லை.

அடுத்த முறை இரண்டையும் முழுசாகப் போடுங்கள். இடம் போதாவிட்டால் வெறும் ‘தமிழர்’ போதும். அம்மா கோபித்துக்கொள்வார், நான் சமாளித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோ பாயோ, சிங்கப்பூர்