குறுகிய காலத்துக்குச் சென்னை வருவோர் ரொக்கம் கொடுத்து வாங்கக்கூடிய ஒரே பயண அட்டை வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தங்கும் விடுதி நடத்துபவர்,
திருவல்லிக்கேணி, சென்னை 600 005.

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம்,
சென்னை.

பொருள்: மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் மின்சார ரயில் ஆகிய மூன்றிலும் செல்லத்தக்க ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் பயண அட்டைகளைக் கைப்பேசி எண் கேட்காமல் ரொக்கத்துக்கு விற்க ஆவன செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் திருவல்லிக்கேணியில் சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்தி வருகிறேன். எங்களிடம் அறை எடுப்பவர்களில் சுற்றிப் பார்க்க வருபவர்கள் குறைவு. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துப் பன்னோக்கு மருத்துவமனையிலோ இராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலோ உறவினரைச் சேர்த்துவிட்டு உடனிருந்து கவனித்துக்கொள்ளும் வெளிமாவட்டத்தார், தேர்வாணையத்தின் சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தகப்பனாருடன் வரும் பிள்ளைகள், சிகிச்சைக்கும் கோயில் தரிசனத்துக்குமாக வரும் இலங்கைத் தமிழர்கள், மார்கழிக் கச்சேரிகளுக்காகச் சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து இறங்கும் ரசிகர்கள் ஆகியோரே மிகுதி. ஓரிரு நாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் வரை தங்கும் இவர்கள் காலையில் சாவியைக் கொடுக்கும்போது முதலில் கேட்பது, இன்ன இடத்துக்கு எப்படிப் போவது, டிக்கெட் எங்கே வாங்குவது என்பதைத்தான்.

இந்த நகரில் அன்றாடம் பயணம் செய்பவருக்கு வசதிகள் பெருகியிருப்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன். 2023 ஏப்ரலில் மெட்ரோவில் அறிமுகமான சிங்கார சென்னை அட்டை 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்துகளிலும் ஏற்கப்படுகிறது. 2025 செப்டம்பரில் தங்கள் குழுமம் கொண்டுவந்த சென்னை ஒன் செயலியில் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் மின்சார ரயிலுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டு எடுக்கலாம். நடத்துநர்களின் கைக்கருவியும் யுபிஐ பணத்தைப் பெற்றுக்கொள்கிறது. மாதம் முழுவதும் பேருந்தில் செல்பவருக்கு 1,000 ரூபாய்ப் பயண அட்டையும், குளிர்சாதனப் பேருந்துகளையும் சேர்த்து 2,000 ரூபாய்ப் பயண அட்டையும் உள்ளன. ஆனால் இவற்றில் எதை எடுத்தாலும், இந்திய வங்கிக் கணக்கும் கைப்பேசி எண்ணும் உள்ளவரையோ மாதக்கணக்கில் இங்கே இருப்பவரையோ மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டதாகத் தெரிகிறது.

ஊருக்குப் புதியவர் ஒருவரின் முதல் பயணத்தைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தோடு நின்றுவிடுவதால், விடியற்காலையில் பையும் மருத்துவக் கோப்புமாக இறங்கும் ஒருவர் ஓமந்தூரார் மருத்துவமனைக்கு வர மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, மின்சார ரயிலில் கிண்டி வந்து, அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்குவது சிக்கனமான வழிகளில் ஒன்று. அதற்கு மூன்று பயணச்சீட்டுகள் வாங்க வேண்டும். சென்னைப் பேருந்தில் நடத்துநர் பெரும்பாலும் தம் இருக்கையிலேயே இருப்பார் என்பதும், பணத்தை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்துத் "தாம்பரம் ஒண்ணு" என்று குரல் கொடுத்தால் சீட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும் என்பதும் மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வருபவருக்குத் தெரியாது. அவர் ஊரில் நடத்துநர்தான் இருக்கைக்கு இருக்கை வந்து கேட்பார். வருவார் என்று காத்திருந்தே இறங்கும் இடம் வந்துவிட்டால், ஏமாற்ற நினைக்காத மனிதர் பரிசோதகர் முன் குற்றவாளியைப் போல நிற்க நேர்கிறது. குரல் கொடுக்கத் தெரிந்தவரும் வழிச்செலவுக்கென்று மடித்து வைத்த 500 ரூபாய்த் தாளை நீட்டினால், முதல் நடைக்கு வந்த நடத்துநர் சில்லறைக்கு எங்கே போவார்? அவரைக் குறை கூற இதில் ஒன்றுமில்லை. ரயில் நிலையத்தில் மறுபடி ஒரு வரிசை. அங்கே சீட்டில்லாமல் பிடிபட்டால் பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். கிண்டியில் மெட்ரோவுக்கு ஏறும்போது மூன்றாவது வரிசை. இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர்கள் கிளாம்பாக்கத்திலேயே ஆட்டோ பிடித்துவிடுகிறார்கள். மருத்துவச் செலவுக்குக் கொண்டுவந்த பணத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது.

இலங்கையிலிருந்து வருவோரின் சங்கடம் வேறு. செயலி, யுபிஐ, அட்டைப் பதிவு என எதைத் தொட்டாலும் கைப்பேசிக்கு ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.) வர வேண்டியிருக்கிறது. சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கு சிம் அட்டை வாங்கி அது செயல்படத் தொடங்குவதற்குள், அவர் தங்கும் நாள்களில் ஒரு பகுதி கழிந்துவிடலாம். வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ பெறும் ஏற்பாடு சில நாடுகளுக்கு உண்டு என்றாலும், அதற்கு இங்கே வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு வேண்டும். பத்து நாள் சிகிச்சைக்கு வரும் யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கு அது எங்கிருந்து வரும்? வயது முதிர்ந்தவர்களின் நிலை நம் மாநிலத்தாரேயானாலும் இதுதான். பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் அம்மாவுக்குச் செயலி பயன்படாது.

இது எங்கும் இல்லாத கோரிக்கை அன்று. பெங்களூரில் சாதாரணப் பேருந்துகளுக்கு ஒரு நாள் பாஸ் 80 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தில்லி மெட்ரோவில் திரும்பப் பெறும் 50 ரூபாய் வைப்புத்தொகையோடு ஒரு நாளுக்கு 200 ரூபாய்க்கும் மூன்று நாளுக்கு 500 ரூபாய்க்கும் சுற்றுலா அட்டை வழங்கப்படுகிறது; மும்பை புறநகர் ரயிலில் ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் சுற்றுலாச் சீட்டுகள் நெடுங்காலமாக உண்டு. சென்னையிலேயே மாநகரப் பேருந்துகளில் 50 ரூபாய் ஒரு நாள் பயண அட்டை இருந்து, பிறகு கைவிடப்பட்டது. அந்த அட்டையை வாங்கித் தரச் சொன்ன விருந்தினர்கள் இன்றும் நினைவில் வைத்துக் கேட்கிறார்கள். அது ஏன் நிறுத்தப்பட்டது என்ற விவாதத்துக்குள் நான் போக விரும்பவில்லை. ஒன்றே ஒன்று: அப்போது அது பேருந்துக்கு மட்டுமானது, இப்போது மூன்று போக்குவரத்தையும் ஒரு குடைக்கீழ் பார்க்கும் குழுமம் ஒன்று இருக்கிறது.

எனவே, ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் செல்லத்தக்கதாகவும், முதன்முதலில் பயன்படுத்தும் நேரத்திலிருந்து கணக்கிடப்படுவதாகவும், கியூ.ஆர். குறியீடு அச்சிட்ட காகித அட்டை ஒன்றை அறிமுகப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். நள்ளிரவோடு முடியும் அட்டையால், மாலையில் வந்து இறங்குபவருக்குப் பயனில்லை. மெட்ரோ நிலையங்களின் கதவுகள் இப்போதே காகிதத்தில் அச்சான குறியீட்டைப் படிக்கின்றன. பேருந்தில் நடத்துநரிடமும் ரயிலில் பரிசோதகரிடமும் காட்டினால் போதும். விலையில் சலுகை எதுவும் நான் கேட்கவில்லை. நியாயமான விலை எதுவாயினும் முன்கூட்டித் தெரிந்த ஒரு தொகையாக இருந்தால், ஊரிலிருந்து கிளம்பும்போதே அதை எடுத்து வைத்துக்கொள்வார்கள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால், அவர்களுக்கு மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் மட்டுமான அட்டை குறைந்த விலையில் இருப்பது முறையாகும். எந்தப் பேருந்தில் இலவசம், எதில் இல்லை என்று தெரியாமலே வெளியூர்ப் பெண்கள் பலர் தேவையின்றி டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த விவரத்தையும் அட்டையின் பின்புறம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடலாம்.

தெற்கு ரயில்வேயின் இசைவு பெறுவதற்குக் காலம் பிடிக்கும் என்பதை உணர்கிறேன். அதுவரை காத்திருக்காமல் பேருந்துக்கும் மெட்ரோவுக்குமாவது முதலில் தொடங்கலாம். கிளாம்பாக்கம், கோயம்பேடு, மாதவரம் பேருந்து நிலையங்களிலும், சென்ட்ரல், எழும்பூர் மெட்ரோ நிலையங்களிலும், விமான நிலையத்திலும் இரவு பகலாக இயங்கும் ஒரு சாளரத்தில் இவை ரொக்கத்துக்குக் கிடைக்க வேண்டும்.

அதோடு, எங்களைப் போன்ற விடுதிகளையும் விற்பனை முகவர்களாக அனுமதிக்கப் பரிசீலிக்க வேண்டுகிறேன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் விடுதியில் அறை எடுப்பவருக்கு அந்நகரப் பேருந்திலும் டிராமிலும் செல்லும் அட்டையை விடுதியே கொடுத்துவிடுகிறது. இங்கே இலவசமாகத் தர வேண்டியதில்லை, விற்றால் போதும். ஒவ்வொரு விருந்தினரின் அடையாளச் சான்றையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது ஏற்கெனவே எங்கள் கடமை. வெளிநாட்டவராயின் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிந்தும் ஆக வேண்டும். ஆகவே, ஒருவர் அட்டையைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சத்துக்கும் இதில் வழி இருக்கிறது: அடையாளச் சான்றின் கடைசி நான்கு எழுத்து அல்லது எண்களை அட்டையில் மையால் எழுதிக் கொடுத்துவிட்டால், பரிசோதகர் சரிபார்த்துக்கொள்ளலாம். இதற்காக விடுதிகளுக்குத் தரகுத் தொகை தரத் தேவையில்லை என்பது என் சொந்தக் கருத்து. மற்ற விடுதியாளர்கள் மாறுபடக்கூடும்.

மேற்கண்ட கோரிக்கையைப் பரிசீலித்து, எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சோதனை முயற்சியாகத் திருவல்லிக்கேணிப் பகுதியில் தொடங்குவதாயின் எங்கள் விடுதியின் முன்மேசையை அதற்குத் தரவும், தாங்கள் அழைக்கும் நாளில் நேரில் வந்து விளக்கவும் ஆயத்தமாக உள்ளேன்.

நன்றி.

இடம்: சென்னை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்