டிக்கெட்டை மூடுவதற்கு முன்: சர்வர் உதவிப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

வாடகைக்கு சர்வர் விடும் நிறுவனங்களின் உதவிப் பிரிவில் பணியாற்றும் நண்பர்களுக்கு,

வணக்கம். சர்வர் விழுந்துவிட்டது என்று டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டால், "மறுதொடக்கம் செய்துவிட்டோம், இப்போது இயங்குகிறது" என்று உடனே பதில் வருகிறது. டிக்கெட்டும் மூடப்படுகிறது. அடுத்த வாரம் அதே சர்வர் மறுபடி விழுகிறது. எழுத்துப் பிசகாமல் அதே பதில்.

எவ்வளவு சீக்கிரம் எழுப்பினீர்கள் என்பதை மட்டுமே உங்கள் மேலாளர்கள் அளக்கிறார்கள் என்பது தெரியும். ஆகவே அவர்களும் இதைப் படித்தால் நல்லது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல், மீள முடியாத பிழையில் சிக்கி 'பேனிக்' ஆகும்போது திரையில் ஒரு மரண வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறது: கெர்னலின் எந்த மாட்யூல் (துணைப்பகுதி), எந்தச் செயல்பாடு, எந்த வரிசையில் அழைக்கப்பட்டது என எல்லாம் அதில் இருக்கும். அந்த நிலையில் வட்டில் எழுதுவது பெரும்பாலும் நடக்காது. "லாக்கில் (பதிவுக் கோப்பில்) ஒன்றும் இல்லை" என்கிறீர்கள், எப்படி இருக்கும்? திரையில் இருப்பதுதான் ஒரே பிரதி. ரீசெட் கொடுத்ததும் அதுவும் போய்விடுகிறது. சர்வரின் திரையைத் தொலைவிலிருந்தே காட்டும் கன்சோலைத் திறந்து ஒரு படம் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேடம்ப் (kdump) என்ற லினக்ஸ் வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது. நினைவகத்தில் ஓர் ஓரத்தை ஒதுக்கி இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தயாராக வைத்திருக்கும். முதலாவது விழுந்ததும் இது எழுந்து நினைவகப் படிமத்தைச் சேமித்துவிடும். இதை எங்களாலேயே செய்துகொள்ள முடியும். மதர்போர்டில் தனியாக இயங்கி சர்வரைக் கண்காணிக்கும் பிஎம்சி (BMC) சில்லில் இருக்கும் நிகழ்வுப் பதிவேடு அப்படியல்ல. இயங்குதளம் செத்தாலும் ராம் பிழை, மின்வழங்கிக் கோளாறு, வெப்பம் ஆகியவற்றை அது குறித்து வைக்கும். பல நிறுவனங்களில் அதன் சாவி உங்களிடம்தான் இருக்கிறது.

"ராமைச் சோதித்தோம், நன்றாக இருக்கிறது" என்ற பதிலையும் ஒரே சுற்றுச் சோதனையோடு எழுதிவிடாதீர்கள். கூகுள் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு ராம் பலகைகளில் பிழை தென்பட்டது. சர்வர்களில் இருக்கும் பிழைதிருத்தும் வகையான இசிசி (ECC) ராம் சிறு பிழைகளைத் தானே திருத்திக்கொள்வதால் சோதனை நிரல் கண்ணில் அவை படாமலே போகலாம். சந்தேகப்படும் பலகையை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பிழை பலகையோடு நகர்ந்தால் பலகை; பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் மதர்போர்டு அல்லது பிராசசர்.

வன்பொருள்தான் எப்போதும் குற்றவாளி என்று சொல்லவில்லை. 2011 வாக்கில் சில பழைய கெர்னல்கள் தொடர்ந்து 208 நாட்கள் ஓடியதும் விழுந்தன; நேரக் கணக்கீட்டில் எண் நிரம்பி வழிந்ததுதான் காரணம். மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும், இன்னொரு 208 நாட்களுக்கு.

இனி வரும் பதிலில் கன்சோல் படத்தையும் பிஎம்சி பதிவேட்டின் நகலையும் இணைத்து அனுப்புங்கள். இரண்டும் இல்லையென்றால் டிக்கெட்டைத் திறந்தே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு சர்வர் நிர்வாகி