ரொட்டிக்கு 15 கெஜம், வசவுக்கு?

மதிப்பிற்குரிய அமெரிக்காவின் பிக் 12 பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பின் ஆணையருக்கும், அதன் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கும்,

வணக்கம். மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் திருச்சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் அணி வெளியூர் போய் ஆடும்போது அரங்கின் மாணவர் பகுதியிலிருந்து என்ன கோஷம் கிளம்புகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கெட்ட வார்த்தை, அதற்கடுத்து 'மார்மன்கள்'. அவ்வளவுதான் கோஷம். 2021இல் லாஸ் ஏஞ்சலிஸ், 2022இல் ஆரெகன். அவை உங்கள் கூட்டமைப்பில் இல்லை, விட்டுவிடுவோம். 2025 பிப்ரவரியில் டூசான் (அரிசோனா பல்கலைக்கழகம்), செப்டம்பர் 27இல் போல்டர் (கொலராடோ பல்கலைக்கழகம்). இவை இரண்டும் உங்களுடையவை. மன்னிப்பு அறிக்கைகள் வராமல் இல்லை. எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு வந்தவை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கோஷம் எழும் அந்த நிமிடமே, மைதானத்து மைக்கில் பேசுங்கள்.

போல்டர் விஷயத்தில் 50,000 டாலர் அபராதம் விதித்தீர்கள், நன்றி. ஆனால் நீங்கள் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பிரித்துக் கொடுப்பது ஆண்டுக்கு 3 கோடி டாலருக்கு மேல். அபராதம் ஒரு நாள் வரும்படிக்குக்கூடக் காணாது.

உங்களால் முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக ரசிகர்கள் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத் தொடக்கத்தில் டோர்ட்டியா ரொட்டியை மைதானத்துக்குள் வீசுவது பழைய வழக்கம். 2025இல் அதற்கு விதி கொண்டுவந்தீர்கள்: முதலில் எச்சரிக்கை, அதன்பின் ஒவ்வொரு முறையும் 15 கெஜம் தண்டனை. அக்டோபரில் கான்சாஸுடன் நடந்த ஆட்டத்தில் டெக் அணி அப்படி இரண்டு முறை தண்டனை வாங்கியது. ஆக, ரொட்டி பறந்தால் அணி பின்னால் போக வேண்டும். ஒரு சமயத்தையே கூட்டமாக வைதால் அறிக்கை வரும். ரொட்டிக்கு இருக்கும் மரியாதை எங்களுக்குப் புரிகிறது.

கோஷம் எதிரணிக்குத்தான் என்று நினைக்கிறீர்கள். உங்கள் மாணவர் பகுதியிலேயே, உங்கள் நிறச் சட்டை போட்டு நிற்கிற மார்மன் பிள்ளைகள் எங்கே போவார்கள்? அரிசோனாவின் மேசா நகரை 1878இல் உருவாக்கியவர்களே மார்மன் குடியேறிகள்தான். அவர்களுடைய கோவில் அங்கே 1927இலிருந்து நிற்கிறது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் டூசானிலும் படிக்கிறார்கள், அரிசோனாவுக்குத்தான் கை தட்டுகிறார்கள். சுற்றி நூறு பேர் கத்தும்போது அப்படி ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு நின்றால், கூட்டத்தில் ஒருத்தியாகக் கணக்கில் சேர்கிறாள். 'நிறுத்துங்கள்' என்றால் தான் யார் என்று அந்த வரிசைக்கே சொன்னதாகிவிடும். அடுத்த ஆட்டத்துக்கும் அதே வரிசைதான். அவள் பேசட்டும் என்று காத்திருப்பது நியாயமில்லை. பேச வேண்டியது மைக் வைத்திருப்பவர்.

செய்முறையும் கடினமல்ல. இத்தகைய கோஷம் டைம்-அவுட்டிலும், நடுவர்கள் வீடியோ பார்க்கும் நேரத்திலும்தான் தலைதூக்கும். முதலில் ஒரு மூலையில் பத்துப் பேர். இரண்டு மூன்று சுற்றுக்குள் அமுங்காவிட்டால் பகுதி முழுக்கப் பற்றிக்கொள்ளும். அதற்குள் பேண்டுக்குச் சைகை காட்டி டிரம்ஸை முழங்கச் சொல்லுங்கள். உடனே அறிவிப்பு, பதினைந்து விநாடி போதும். 'அனைவரையும் மதிப்போம்' என்ற வழவழா வாசகம் வேண்டாம், அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எந்தக் கோஷம், ஏன் கூடாது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். உங்கள் அணியின் கேப்டன் குரலில் முன்பே பதிவு செய்து வைத்தால் இன்னும் நல்லது. தங்கள் ஆள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். மாணவர் சீட்டு அடையாள அட்டையோடு இணைந்திருந்தால், மீறுபவரின் சீட்டை அந்த சீசன் முழுக்க ரத்து செய்வது சின்ன வேலை. அதற்கும் அடங்காவிட்டால் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா வைத்திருக்கும் மூன்று படிகள் இருக்கின்றன: ஆட்டத்தை நிறுத்து, அணிகளை உள்ளே அனுப்பு, கைவிடு.

அந்தத் திருச்சபையை விமர்சிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 1978 வரை கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் தராதது, ஒரே பாலினத் திருமணம் பற்றிய நிலைப்பாடு, எதையும் வாதாடலாம். ஆனால் பலதார மணத்தை 1890இலேயே கைவிடுவதாக அறிவித்தவர்களிடம் இன்னும் 'எத்தனை மனைவி' என்று கேட்பது எந்த வாதத்திலும் சேராது. 1838இல் மிசூரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை அழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டு விரட்ட வேண்டும் என்று எழுத்திலேயே ஆணையிட்டார். அதை முறைப்படி ரத்து செய்ய 1976 ஆனது. 138 வருஷம்! அறிக்கை தாமதமாக வருவது அந்த நாட்டில் புதிதல்ல போலும்.

போல்டர் ஆட்டத்துக்கு மறுநாள் காலை மிச்சிகனில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்தில் ஒருவன் வண்டியை மோதி, சுட்டு, தீ வைத்தான். நான்கு பேர் இறந்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. கோஷம் போட்டவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாணவர் பகுதியிலிருந்த அந்தப் பிள்ளைகள் எந்த மனநிலையில் ஆராதனைக்குப் போயிருப்பார்கள் என்பதை மட்டும் யோசியுங்கள்.

சற்றுக் காட்டமாகிவிட்டது, பொறுத்தருள்க. அடுத்த முறை பிரிகாம் யங் அணி உங்கள் ஊருக்கு வருவதற்குள் அந்தப் பதினைந்து விநாடி வாசகத்தை எழுதி, அறிவிப்பாளர் மேசையில் வைத்துவிடுங்கள். விளக்கை அணைக்காமல் நிறுத்திய வண்டியின் எண்ணை வாசிப்பாரே, அதே மைக் போதும். தயவுசெய்து.

இப்படிக்கு,
மாணவர் பகுதிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தமிழ்ப் பெற்றோர்