யார் வீட்டுத் தூக்குவாளி

தொட்டபள்ளாபூர் பக்கம்,
ஜனவரி 20.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. அதற்கு முன் நான்கு நாள் டீக்கடையில், பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னால் பத்திரமாக இருந்திருக்கிறது. நான் ஊரில் இல்லாதபோது வரும் தபாலெல்லாம் அங்கேதான் தங்கும். கடைக்காரர் கொடுக்கும்போது, "தமிழ்லே எழுதியிருக்காங்க, அதனாலே படிக்கலை" என்றார். கன்னடத்தில் எழுதியிருந்தால் படித்திருப்பார் போலிருக்கிறது.

வாரம் இரண்டு முறை போனில் பேசிக்கொண்டிருந்த நாம் இந்த வயதில் மறுபடி கடிதத்துக்கு வந்ததற்கு உன் காதுதான் காரணம். கருவி வைத்துக்கொண்ட பிறகும் நான் "ராகி" என்றால் நீ "யாரு, ராஜியா?" என்கிறாய். போன தடவை நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சரி, இதுவும் நல்லதற்குத்தான். எழுத உட்கார்ந்தால்தான் எனக்கும் என்ன நடந்தது என்று வரிசையாக நினைவு வருகிறது.

கேட்டிருந்தாய்: "பெங்களூரில் அல்சூரை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாயே, அப்படி என்னடா அழகைக் கண்டுவிட்டாய்?"

முதல் வருஷம் கேட்டிருந்தால் பனி, நந்தி மலை, குருவிச் சத்தம் என்று ஒரு பட்டியல் போட்டிருப்பேன். இப்போது கேட்டால் பால் கறந்து கொண்டுவரும் வரிசையைச் சொல்வேன்.

முப்பத்தைந்து வருஷம் அல்சூர் வீட்டில் கதவைத் திறந்தால் வாசலில் நந்தினி நீலப் பாக்கெட் கிடக்கும். அந்தப் பாலைப் பற்றி நான் யோசித்ததெல்லாம் அது வராத நாளில்தான். இங்கே அந்தப் பால் கிளம்பும் இடத்திலேயே போய் நிற்கிறேன். காலை ஆறு மணிக்குப் பால் சங்கத்து வாசலில் பத்திருபது பேர் இருப்பார்கள். ஒருத்தர் டி.வி.எஸ். வண்டியில் இரண்டு பெரிய கேனோடு வருவார், ஒரு பையன் ஒற்றை மாட்டுப் பாலை எவர்சில்வர் சொம்பில் கொண்டுவருவான். செயலாளர் அளந்து ஊற்றி, கொஞ்சம் எடுத்து மெஷினில் வைத்தால் கொழுப்பு எவ்வளவு என்று எண் விழும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அன்றைக்கு முகம் மலர்வதும் சுருங்குவதும். ஓர் அம்மா இருக்கிறார். கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வடியும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். பின்னால் நிற்பவர்கள் ஒருத்தரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அந்தச் சொட்டு விழுகிறவரை எனக்கும் அங்கிருந்து நகரத் தோன்றாது.

தண்ணீர்க் கதையும் அப்படித்தான். நந்தி மலையில் பிறக்கும் அர்க்காவதியை 1894-ல் ஹெசரகட்டாவில் தேக்கித்தான் அந்தக் காலத்துப் பெங்களூருக்குக் குழாயில் தண்ணீர் விட்டார்கள். நாம் பிறந்த ஊருக்கே தண்ணீர் கொடுத்த ஆறு. போன கோடையில் போய்ப் பார்த்தேன். ஆற்றுப் படுகை என்று சொல்லிக் காட்டினால்தான் தெரிகிறது.

அப்புறம் நான் விழுந்த கதை. போனில் சொன்னேன், "எழுந்துட்டியா?" என்று கேட்டாய். எழுந்திருப்பதைச் சொல்லவில்லையடா, விழுந்ததைச் சொன்னேன்.

நவம்பர் கடைசியில் இங்கே ராகி அறுவடை. கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஓடினால் மணி உதிர்ந்துவிடும், சாணி மெழுகிக் களம் போடும் வேலை மிச்சம். எனக்கு இது ஆகவே ஆகாது. பஸ் நிறுத்தத்தில் நின்று நாலு பேர் கேட்கச் சட்டம் பேசினேன். பொது ரோடு, விபத்து நடந்தால் யார் பொறுப்பு, இத்யாதி. ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "மேஷ்ட்ரே, வெயில் ஏறுது, நிழல்லே நில்லுங்க" என்றார். (ஃபேக்டரியில் கணக்கு எழுதினவன் நான். ஆனால் கண்ணாடி போட்டவனெல்லாம் இங்கே மேஷ்ட்ரு, அதாவது வாத்தியார்தான்.)

சரியாக ஆறாம் நாள், அந்தப் பெரியவர் வீட்டு ராகித் தாள் மேலேயே என் ஸ்கூட்டர் வழுக்கியது. கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று நினைத்தேன். பெரியவரின் மகன் ஓடிவந்து என்னைத் தூக்கி, டிராக்டரில் வைக்கோல் மேல் படுக்கவைத்து டாக்டரிடம் கொண்டுபோனான். எலும்பு முறியவில்லை. மூன்று வாரம் கால் ஊன்றக் கூடாது. அந்த நேரம் பார்த்து வீட்டில் என் பெண்டாட்டி இல்லை, மகள் பிரசவத்துக்காகப் பூனாவில் இருந்தாள்.

அன்று சாயங்காலம் பெரியவர் வீட்டு அஜ்ஜி வந்தார். இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கையில் ஒரு தூக்குவாளி. உள்ளே ராகி முத்தே என்கிற களி உருண்டை இரண்டு, தட்டுக்குக் கீழே கீரைச் சாறு. கூட உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாம்தான் சின்ன வயதில் களி சாப்பிட்டவர்களாயிற்றே, தெரியாதா என்று மென்றேன். அஜ்ஜிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எனக்குப் பல்லு போயி எத்தனையோ வருஷம் ஆச்சு, நான் சாப்பிடலையா? இதுக்கு எதுக்குப் பல்லு? சாத்துலே தோய்ச்சு முழுங்கு" என்றார் கன்னடத்தில். முழுங்கினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது, காலையில் என் ஸ்கூட்டர் போன மாதிரி.

நன்றி சொல்ல வேண்டுமே என்று, "ரொம்ப தேங்க்ஸ் அஜ்ஜி" என்றேன். அவர், "பாத்திரம்" என்றார். கழுவிக் கொடுத்தேன். மூடியைத் திறந்து உள்ளே ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

ராத்திரி பூனாவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். கால் வலியை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "வெறும் பாத்திரத்தையா கொடுத்தீங்க? ரெண்டு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டாமா? உங்க அம்மா ஒருநாளாவது அப்படிக் கொடுத்திருப்பாங்களா?" என்றாள். அறுபத்து மூன்று வயதில் பெண்டாட்டியிடம் இப்படி ஒரு பாட்டு. ஆனால் அவள் சொன்னது நிஜம். அம்மா பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் ஒன்றுமில்லாவிட்டால் நாலு மல்லிகைப்பூவாவது போட்டுத்தான் அனுப்புவாள். அப்பார்ட்மென்ட் வாசத்தில் எனக்கு மறந்தே போய்விட்டது.

மறுநாள் தூக்குவாளி வந்ததும் காப்பித்தூள் போட்டு அனுப்பினேன். அதற்கு மறுநாள் உப்புச் சாறு வந்தது, நான் கடலைமிட்டாய் போட்டேன். அப்படியே மூன்று வாரம்.

அந்த வீட்டுப் பெரியவருக்கு ராகியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ராகி நம் ஊர்ப் பயிர் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? ஆதியில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். மண்டியாவில் லட்சுமணய்யா என்று ஒரு விஞ்ஞானி இருந்தார், ராகி லட்சுமணய்யா என்றால்தான் இங்கே தெரியும். அவர் நம் ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டிப் புதுவிதை உண்டாக்கினார். இந்தியா, ஆப்பிரிக்கா இரண்டு பெயரையும் சேர்த்து இண்டாஃப் என்று பெயர். எழுபதுகளில் அந்த விதை வந்தபோது தன் அப்பா நம்பாமல் ஒரு மூலையில் மட்டும் போட்டுப் பார்த்ததாகவும், அறுப்பு முடிந்ததும் அந்த மூலையையே போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் பெரியவர் சொன்னார்.

மார்கழி பிறந்ததும் தூக்குவாளியில் அவரை வர ஆரம்பித்தது. ராகிக் கொல்லையில் சில சாலுக்கு ஒரு சால் அவரை, கடுகு, ஆமணக்கு, நம் ஊரில் பேய் எள்ளு என்கிறோமே அது, எல்லாம் கலந்து விதைத்திருப்பார்கள். அக்கடி சால் என்று பெயர். ராகியை அறுத்துக்கொண்டு போன பிறகும் அவரை மட்டும் பனியில் நின்று காய்க்கும். ஒருநாள் விடியற்காலை பனி மூடியிருந்தது, எதிரில் இருக்கும் புங்கமரம்கூடத் தெரியவில்லை. நான் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அஜ்ஜி, "என்ன பார்க்கிறே?" என்றார். "பனி எவ்வளவு அழகா இருக்கு" என்றேன். அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா, நல்லா விழுது. காயிலே சொகடு ஏறும்" என்றார்.

சொகடு என்றால் அவரைத் தோலில் பிசுபிசுவென்று இருக்குமே, அந்த எண்ணெய், அந்த வாசனை. அரைக் கூடை உரித்தால் விரல் நுனியெல்லாம் பச்சையாகி ஒட்டும், சோப்புப் போட்டாலும் ராத்திரிவரை போகாது. அந்தக் கையோடு தூங்கினேன். கனவில் உன் அம்மா வந்தார்கள். குடியாத்தத்துப் பிதுக்கம் பருப்புக் குழம்பு! ஊறவைத்த கொட்டையை நம் இருவரிடமும் கொடுத்துப் பிதுக்கச் சொல்வார்கள், நாம் பருப்பை ஒருத்தர் மேல் ஒருத்தர் பீய்ச்சி அடிப்போம். அல்சூர் சந்தில் அந்தத் திண்ணை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை என்று நீதான் எழுதியிருந்தாய். வி.வி.புரம் அவரை மேளாவில் அவரை ஜிலேபி தின்றோமே, அதெல்லாம் இதற்கு ஈடாகாது. இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் திமிராகத்தான் இருக்கிறது.

எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் பல நாள் நடுராத்திரியில்தான் வருகிறது. பெரியவரின் மகன் இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போவதை ஜன்னல் வழியே பார்ப்பேன். நான் ரசிக்கிற அதே பனியில் அவன் இருமிக்கொண்டு போவான். 1,200 அடி தோண்டியும் போன வருஷம் ஒரு போர்வெல் காய்ந்துவிட்டது. கிழக்கே இரண்டு கொல்லையில் வெள்ளைக் கல் நட்டாகிவிட்டது, வீட்டு சைட் போடுகிறார்கள். நானும் பட்டணத்திலிருந்து வந்தவன்தானே, அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் கிடையாது.

அஜ்ஜியின் பேரன் விவசாயத்துக்கு வரவில்லை. 2008-ல் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்த வருஷம் பிறந்த பையன், இப்போது அங்கேயே பெட்டி ஏற்றுகிறான். மேலே போகிற ஒவ்வொரு விமானத்திலும் அவன்தான் பெட்டி ஏற்றியிருக்கிறான் என்பது அஜ்ஜியின் கணக்கு. சத்தம் கேட்டால் அவரையை உரித்தபடியே நிமிர்ந்து பார்ப்பார். நானும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கோபம்.

சங்கராந்திக்கு முதல்நாள் அவள் பூனாவிலிருந்து வந்துவிட்டாள். (பேத்தி பிறந்திருக்கிறாள். சொல்லலாம் என்று போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.) சாயங்காலம் மாடுகளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, தெருவில் வைக்கோலைக் கொளுத்தி, நெருப்பைத் தாண்ட விட்டார்கள். பெரியவர் வீட்டுச் சிவப்பு மாடு தாண்ட மாட்டேன் என்று நெருப்புக்கு முன்னால் நின்று, கடைசியில் சுற்றிக்கொண்டு போனது. யாரும் வற்புறுத்தவில்லை. அஜ்ஜி எள்ளு வெல்லமும் கரும்பும் கொண்டுவந்தார், இவள் சர்க்கரைப் பொங்கலைத் தூக்குவாளியில் போட்டாள். போடும்போதுதான் பிரச்சினை கிளம்பியது.

"இது எங்க அம்மா கொடுத்த தூக்குவாளியாச்சே, அவங்க வீட்டுக்கு எப்படிப் போச்சு?" என்கிறாள். நடுவில் ஒருநாள் நம் வீட்டுத் தூக்குவாளியிலும் ரசம் அனுப்பினேன் என்பது உண்மை. இரண்டும் ஒரே அளவு, இரண்டுக்கும் மூடி நசுங்கியிருக்கிறது. அஜ்ஜியைக் கேட்டால், "எங்களோடது உங்க வீட்டிலேதானே இருக்கு" என்கிறார். அடியில் பெயர் வெட்டியிருக்கிறது என்று திருப்பிப் பார்த்தோம். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, வெட்டியது தமிழா கன்னடமா என்றுகூடத் தெரியவில்லை. அஜ்ஜியும் இவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் பொங்கல் ஆறுகிறது என்று விட்டுவிட்டார்கள்.

நீ தினமும் ஏரியைச் சுற்றி நடக்கிறாய் என்று எழுதியிருந்தது சந்தோஷம். ஏரிக்கரை வள்ளுவர் சிலையைக் கேட்டதாகச் சொல். 2009-ல் சிலை திறந்த அன்று கூட்டத்தில் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தவன் நீ என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கிளம்பி வா. அவரை இன்னும் இரண்டு மூன்று வாரம்தான் கிடைக்கும். மெஜஸ்டிக்கில் தொட்டபள்ளாபூர் பஸ் ஏறு, நான் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன். ரோட்டில் இப்போது ராகி இல்லை, பயப்படாதே. வரும்போது கடைத்தெருவில் அரைக் கிலோ காராபூந்தி வாங்கி வா. தூக்குவாளி நேற்றிலிருந்து எங்கள் வீட்டில் இருக்கிறது.

அன்புடன்,
கண்ணன்