மூட்டையைப் பிரித்துவிட்டேன்

சின்னாளபட்டி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

கோத்தகிரிக் குளிருக்கு இரண்டு போர்வை போர்த்தியும் போதவில்லை என்று போன மாதம் போனில் சொன்னாய். கடையில் ஒரு கம்பளி வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். மனம் கேட்காமல், உனக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று நானே தைத்துவிடலாம் என்று மறுநாள் காலையில் நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து அந்தத் துணி மூட்டையை இறக்கிவிட்டேன். நீ தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்த மூட்டைதான். நானே தொட்டுப் பல வருடம் ஆகிறது. ஒரு மூலையை எலி கடித்திருந்தது. முடிச்சு மட்டும் நான் போட்டபடியே இருந்தது.

அத்தனையும் ஜாக்கெட் வெட்டிய மிச்சம். அக்குள் வளைவில் விழுந்த பிறைத் துண்டு, கழுத்துக்கு வெட்டிய அரைவட்டம், கைக்குப் பக்கத்தில் மிஞ்சிய முக்கோணம். சதுரமாக ஒன்றுகூட இல்லை. தரையில் கொட்டி வகை பிரிக்கவே ஒரு பகல் போய்விட்டது. பருத்தி ஒரு பக்கம், பாலியெஸ்டரும் பட்டும் ஒரு பக்கம். இரண்டையும் கலந்து தைத்தால் முதல் சலவையிலேயே பருத்தி சுருங்கும், மற்றது அந்த அளவுக்குச் சுருங்காது. போர்வை பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். உன் தொட்டிலுக்குத் தைத்ததை அப்படித்தான் பாழாக்கினேன். சிவப்பையும் கருநீலத்தையும் தனித்தனியே ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசினேன். சாயப்பட்டறை இருக்கும் ஊரில் வளர்ந்தவளுக்குச் சிவப்பை நம்பாதே என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அளவுக்கு உன் சித்தி மகள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டேன். நல்ல கெட்டி அட்டை. ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டி, அதை வைத்துக் கோடு போட்டுப் போட்டு வெட்டினேன். அகலத்துக்கு 12, நீளத்துக்கு 18, மொத்தம் 216 சதுரம். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போனால் நாலரை அங்குலம் நிற்கும். கணக்கு சரிதான், கைதான் கேட்கவில்லை. முப்பது வருடமாக உள்ளே துணி விட்டே தைத்த கை இது. பிள்ளை பெற்று உடம்பு பெருத்துவிட்டது, கொஞ்சம் பிரித்துக் கொடு என்று வருவார்களே, அவர்களுக்காக விடும் துணி. போர்வை எங்கே பெருக்கப்போகிறது? ஆனாலும் கை ஒரு நூல் கூடுதலாகவே பிடித்தது.

ஒரு நூல்தானே என்று விட முடியாது. எட்டு நூல் ஓர் அங்குலம். ஒவ்வொரு தையலிலும் இரண்டு துணி சேருகிறது. இரண்டிலும் ஒவ்வொரு நூல் போனால், 11 தையல் உள்ள வரிசையில் 22 நூல். இரண்டே முக்கால் அங்குலம்! முதல் மூன்று வரிசையை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது ஒன்று அண்ணனாகவும் ஒன்று தம்பியாகவும் நின்றன. பிரித்தேன். ஜாக்கெட் பிரிக்க அலுத்துக்கொண்டதில்லை, இதற்கு அழுகை வந்தது. பிறகு மெஷின் தட்டில் கால் அங்குலத்துக்கு ஒட்டுத்தாள் ஒட்டி, அதன் ஓரமாகவே துணியை ஓட்டினேன். ஒரு வரிசைக்குத் தையல் மடிப்பை இடப்பக்கம் சாய்த்து இஸ்திரி, அடுத்த வரிசைக்கு வலப்பக்கம். அப்போதுதான் வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்பும் மடிப்பும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நாலு மூலையும் ஒரே புள்ளியில் கூடும். விரலால் தடவிப் பார், மேடு தட்டாது.

எதிர் வீட்டில் கர்நாடகத்துத் தார்வாடிலிருந்து வந்த ஒரு பாங்க் அதிகாரியின் குடும்பம் இருந்ததே, நினைவிருக்கிறதா? அந்த அம்மாதான் பழைய சேலைகளை அடுக்கிக் கையால் ஓட்டுத் தையல் போடச் சொல்லிக்கொடுத்தவர். அவர்கள் ஊரில் அதைக் கௌதி என்பார்கள். எல்லாப்பூர்க் காட்டுப் பக்கம் சித்திகள் இன்னும் அழகாகத் தைப்பார்கள் என்பார். நம் சித்தி இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சம். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்களாம், மூலையில் முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்களாம். பூவை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். உள்ளே என் பழைய சேலை இரண்டு. அடிப்பக்கம் நம் ஊர்ச் சுங்குடி. அகலம் போதாமல் குறுக்கே திருப்பி இரண்டு துண்டாக ஒட்டியிருக்கிறேன்.

இனிச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். இதற்காகத்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது ஒரு சாயங்காலம், மேலத்தெரு அம்மா ஒருத்தி வாசலில் வந்து நின்று சத்தம் போட்டாள். ஒரு மீட்டர் கொடுத்தேன், எண்பது சென்டிமீட்டரில் முடிந்திருக்கும், மிச்சத் துணி எங்கே என்றாள். தெருவே கூடிவிட்டது. நான் இந்த மூட்டையைத் தூக்கிவந்து திண்ணையில் கொட்டி, உன் துணி இருந்தால் எடுத்துக்கொள் என்றேன். அவள் கிளறிப் பார்த்தாள். இல்லை. வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே போய்விட்டாள். அன்றிலிருந்துதான் துண்டு வேண்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் மட்டுமே மூட்டையில் போட்டேன்.

அது மயில்கழுத்து நிற ரூபியாத் துணி. மூட்டையில் எப்படி இருக்கும்? உன் பல்பப் பையாக அல்லவா இருந்தது! அன்று காலையில்தான் நாடா கோத்து உன் தோளில் மாட்டிவிட்டிருந்தேன். அவள் கத்திக்கொண்டிருந்தபோது நீ திண்ணையிலிருந்து அந்தப் பையை எடுத்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனாய். நான் பார்த்தேன். மறுநாள் பல்பத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாய். ஏன் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதற்குப் பின் எத்தனையோ பேருக்கு மிச்சத்தைத் தேடித் தேடித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அன்று சொன்னது பொய் என்றாகிவிடுமே. இப்போது அவள் மகனோடு திருப்பூரில் இருக்கிறாளாம்.

அந்தப் பை மூட்டையின் அடியில் இருந்தது. பிரித்து இரண்டு பாதியையும் சேர்த்தால்தான் ஒரு சதுரம் தேறியது. மூன்றாவது வரிசையில் நடுவில் ஒட்டுப்போட்ட சதுரம் அது ஒன்றுதான். வேண்டாமென்று பட்டால் பிரித்துவிடு, பதிலுக்கு ஒன்று வெட்டி அனுப்புகிறேன்.

நாளை தபாலில் போடுகிறேன். மெஷினில் போடாதே, வாளியில் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடு. அப்பா கட்டிலை எனக்கு விட்டுவிட்டு ஒரு வாரம் பாயில் படுத்தார். முதுகுவலி என்று உனக்கும் போன் வரும், கேட்டுக்கொள். பாலியெஸ்டர் துண்டையெல்லாம் அவர் தலையணைக்குள் அடைத்துவிட்டேன். மூட்டையில் இப்போது இரண்டு கைப்பிடித் துணிதான் மீதி. அதைக் கட்ட உன் பல்பப் பை நாடாவே போதுமாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா