கதிரின் ஜியாமெட்ரி பாக்ஸ்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள உமா,

நீ அனுப்பிய பொங்கல் வாழ்த்துக்குக்கூட நான் பதில் போடவில்லை. திட்டு, ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. அத்தைக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. இவருக்கு மாற்றல் வரவில்லை. நம் ஹாஸ்டல் ராஜி வந்திருந்தாள், கொய்யா மரத்தில் ஏறியது நீதான் என்று இன்னமும் சாதிக்கிறாள்.

கதிர் விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த காலம் முடிந்து, மெயின்டனன்ஸ் என்கிறார்களே, நோய் திரும்பாமல் இருக்க வீட்டிலேயே மாத்திரை போடும் கட்டம், அதற்கு வந்துவிட்டான். தினமும் ராத்திரி மெர்காப்டோபியூரின், வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட். முடி வளர்ந்துவிட்டது, பள்ளிக்கூடம் போகிறான். மாத்திரைக்கென்று இவர் ஃபோனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தார். 9 மணிக்கு அலாரம் அடிக்கும், போட்டதும் டிக் பண்ண வேண்டும். மாதம் முழுக்கப் பச்சைப் பசேலென்று இருந்தது.

போன மாதம் டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து, இந்த மாத்திரை குறைத்து வைக்க வேண்டிய வெள்ளணு கூடியிருக்கிறதே, ஒழுங்காகப் போடுகிறானா என்றார். ஃபோனை நீட்டி அந்தப் பச்சையைக் காட்டினேன். மருந்தின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் ஸ்கேல் தேடி அவன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். கோணமானிக்கு அடியில் மடித்த காகிதம், அதற்குள் 11 மாத்திரை. வெளிர் மஞ்சள் நிறத்தில், சிலது நான் பாதியாக உடைத்துக் கொடுத்தவை. கை நடுங்கிவிட்டது உமா. உடனே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி, பழைய அளவுக்கே வந்தோம்.

"எனக்குத்தான் சரியாயிடுச்சேம்மா, அப்புறம் எதுக்கு?" என்றான். திட்டினேன், அழுதேன். இந்த மாத்திரையில் 95 சதவீதத்துக்குக் குறைவாகப் போடும் பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் 2 மடங்குக்கும் மேல் என்று அமெரிக்காவில் கண்டிருக்கிறார்கள். அதாவது மாதத்தில் 2 ராத்திரி தவறினாலே போச்சு. அங்கே புட்டி மூடியிலேயே சிப் வைத்து, எப்போது திறந்தார்கள் என்று பதிவு செய்துதான் கணக்குப் பார்த்தார்கள். ஆனால் திறந்து, கையில் கொட்டி, ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டால் அந்த மூடிக்கு என்ன தெரியும்?

அப்போதுதான் ராஜியின் மகள் ஒரு கட்டுரை அனுப்பினாள். கலிஃபோர்னியாவில் ஹோப்லேப் என்ற அமைப்பு 2006-ல் 'ரீ-மிஷன்' என்று ஒரு வீடியோ கேம் வெளியிட்டது. ராக்ஸி என்ற குட்டி ரோபோப் பெண் நோயாளியின் உடம்புக்குள் பறந்து போய்ப் புற்றணுக்களைச் சுடுவாள். 34 மருத்துவ மையங்களில், 13 முதல் 29 வயது வரை 375 பேரை வைத்துச் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண கேம் மட்டும் ஆடியவர்களைவிட, இதையும் சேர்த்து ஆடியவர்கள் மருந்தை ஒழுங்காக எடுத்திருக்கிறார்கள். மெர்காப்டோபியூரின் எடுத்தவர்களுக்கு ரத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்திருக்கிறது. ஆனால் மனச்சுமை குறையவில்லையாம். அதையும் மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ரொம்பப் பழைய கேம், எங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது. யாரோ விளையாடிய வீடியோவைக் கதிருக்குப் போட்டுக் காட்டினேன். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவன், "ஸ்கேன்ல தெரியாத செல் இன்னும் உள்ள இருக்குமாம்மா?" என்றான். மைக்ராஸ்கோப்பிலும் சிக்காமல் ஒளிந்திருக்கலாம், அதற்குத்தான் இந்த மாத்திரை என்றேன். இத்தனை மாதத்தில் இதை நாங்கள் யாருமே அவனிடம் சொல்லவில்லை, உமா! போட்டாயா போட்டாயா என்று மட்டும் 15 வயசுப் பையனைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் செயலியும் எங்களைப் போலத்தான். அவன் உடம்பு, அவன் நோய், விவரம் எல்லாம் எங்களிடம்.

மறுநாளே செயலியை அழித்துவிட்டான். இப்போது ஒரு நோட்டில் அவனே எழுதுகிறான். ஒரு ராத்திரி தவறியிருந்தது. "வாந்தி, போடலை" என்று எழுதியிருந்தான். அதை டாக்டரிடமும் அவனே காட்டினான்.

அந்த நோட்டின் பின்பக்கம் முழுக்கப் படம். எலும்பு மஜ்ஜைக்குள் சந்து சந்தாக ஒரு ஊர், அதில் ஒளிந்திருக்கும் ஒருத்தன். இதைத் தமிழில் கேமாகச் செய்ய வேண்டுமாம். பிள்ளைகள் கேம் செய்யப் பழகும் ஸ்க்ராட்ச் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று என்னைக் கேட்கிறான். உன் பெயரைத்தான் சொன்னேன். பல வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக் கொடுக்கிறவள், மாட்டேன் என்றால் வார்டன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு மேல் கூப்பிடு. வெள்ளிக்கிழமை வேண்டாம், வியாழன் ராத்திரி மெத்தோட்ரெக்ஸேட் போடுவதால் மறுநாள் முழுக்க வயிற்றைப் புரட்டும் அவனுக்கு. என் நம்பருக்கு வேண்டாம், அவன் நம்பருக்கே போடு.

உன்,
சாந்தி